ராத்தல் 18 ஸெண்ட்

என் தாயாருக்குக் கடைத்தெருவில் ஒரே ஓர் ஆயுதந்தான் உண்டு. அது "வேண்டாம்" என்ற சொல். கத்தரிக்காய்க்காரி ஒரு விலை சொல்லுவாள். அம்மா காயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். காம்பைக் கிள்ளிப் பார்ப்பாள். பிறகு கூடையிலேயே போட்டுவிட்டு, "வேண்டாம்" என்று நடையைக் கட்டுவாள். ஏழெட்டு அடி போவதற்குள், "இந்தாங்கம்மா, வந்து வாங்கிட்டுப் போங்க!" என்று குரல் வரும். நான் அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அந்த அடிகளை எண்ணியிருக்கிறேன்.

குரல் வராத நாட்களும் உண்டு. அன்றைக்கு எங்கள் வீட்டில் வெறும் ரசந்தான். அப்படிப்பட்ட நாட்களில் என்ன நடக்கும் என்றால், அடுத்த வீட்டு மாமி அதே காயை அதே விலைக்கு வாங்கிக்கொண்டு போயிருப்பாள். ஒருத்தி சொன்ன "வேண்டாம்" இன்னொருத்தி சொன்ன "கொடு"வில் கரைந்துபோய்விடும். ஒரு பேட்டையில் உள்ள அத்தனை பெண்களும் ஒரே நாளில், ஒரே குரலில், "வேண்டாம்" என்று சொன்னால் என்ன ஆகும் என்று அந்த வயதில் நான் யோசித்ததுண்டு. பிற்காலத்தில் சரித்திரப் புத்தகங்களைப் புரட்டியபோது, அப்படி ஒரு சம்பவம் நிஜமாகவே நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். நடந்த இடம் நியூயார்க் நகரம். நடந்த காலம் 1902-ம் ஆண்டு மே மாதம். சண்டைக்குக் காரணமான சரக்கு, மாட்டிறைச்சி.

உங்களில் மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்களும் இருப்பீர்கள். அந்தப் பேச்சையே எடுக்காதே என்கிறவர்களும் இருப்பீர்கள். இரு சாராரையும் நான் அழைத்துப் போகப் போவது கடைத்தெருவுக்குத்தான். விலை ஏறினால் வயிறு எரிவதில் சைவம், அசைவம் என்ற பேதம் கிடையாது அல்லவா?

*

1881-ல் ரஷ்யாவின் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்ஸாண்டர் வெடிகுண்டுக்கு இரையானார். அதன் பிறகு அந்த ராஜ்யத்தில் யூதர்கள் மீது பழி விழுந்தது. ஊருக்கு ஊர் கலகம், கொள்ளை. வீடு வாசலை விட்டு லட்சக்கணக்கான யூதர்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் வந்து இறங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டார்கள். மன்ஹாட்டன் தீவின் தென்கிழக்கு மூலையில் உள்ள அந்தப் பகுதிக்கு "லோயர் ஈஸ்ட் ஸைடு" என்று பெயர். ஐந்து மாடி, ஆறு மாடி வீடுகள். காற்றும் வெளிச்சமும் நுழையாத அறைகள். ஒரே அறையில் குடும்பமும் தையல் இயந்திரமும் வாடகைக்கு வந்த அந்நியரும். ஆடவர்கள் துணி தைத்தார்கள். பெண்கள் பொத்தான் வைத்துத் தைத்தார்கள். பேச்சு யிட்டிஷ் பாஷை. இங்கிலீஷ் தெரிந்தவர்கள் குறைவு.

வாரம் முழுவதும் ரொட்டியும் வெங்காயமும் உப்பு மீனுமாக ஒப்பேற்றினாலும், வெள்ளிக்கிழமை அந்தி சாய்ந்து தொடங்கும் ஸாபத் என்னும் ஓய்வு நாளுக்கு இறைச்சி வேண்டும். அது ஆடம்பரம் அல்ல. நம் வீடுகளில் தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைப்பதைப் போல, குடும்பத்தின் மானத்தைச் சேர்ந்த விஷயம்.

ஆனால் எந்த இறைச்சியும் உதவாது. நம் ஊர் மடி ஆசாரம் தெரிந்தவர்களுக்கு யூதர்களின் சமையல் சாஸ்திரம் புதிதாகத் தோன்றாது. தங்கள் மதத்தில் தேர்ந்த ஒருவர் முறைப்படி அறுத்ததாக இருக்க வேண்டும். அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு மணி நேரம் உப்பில் புரட்டி வைத்து, ரத்தம் வடிந்த பிறகு அலம்ப வேண்டும். பால், வெண்ணெய் எதனோடும் சேர்க்கக் கூடாது. இன்னொரு விதியும் உண்டு. ஆதியாகமத்தின் 32-வது அத்தியாயத்தில், யாக்கோபு இரவு முழுவதும் ஒருவரோடு மல்லுக்கு நின்றதும், தொடைச் சந்தில் அடிபட்டதும் சொல்லப்பட்டிருக்கிறது. அதன் நினைவாகத் தொடை நரம்பை யூதர்கள் தின்பதில்லை. அந்த நரம்பையும் விலக்கப்பட்ட கொழுப்பையும் பின்பாதியிலிருந்து பிரித்தெடுப்பது பெரிய வேலை. ஆகவே பல ஊர்களில் பின்பாதியையே விட்டுவிடுவது வழக்கமாயிற்று. மென்மையான கறி பெரும்பாலும் பின்பக்கத்தில் இருக்கிறது என்பது பரிதாபம். அதை மற்றவர்களுக்கு விற்றுவிட்டு, இவர்கள் முன்பாதியோடு திருப்தி அடைந்தார்கள்.

அந்த முன்பாதியில் அகப்படுவதுதான் நெஞ்சுக்கறி. இங்கிலீஷில் பிரிஸ்கெட் என்பார்கள். மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. அதன் உடல் பாரத்தில் பாதிக்கு மேல் நெஞ்சுத் தசைகள்தாம் தாங்குகின்றன. பாரம் சுமந்த தசை முரடாகத்தானே இருக்கும்? அவசர அடுப்பில் வாட்டினால் செருப்புத் தோலை மெல்வதைப் போல் இருக்கும். அதனால் விலை மலிவு. அதனால் ஏழை வீட்டுக்கு உரியது.

ஏழை வீட்டுப் பெண்களிடம் பணம் இல்லாவிட்டாலும் பொறுமை இருந்தது. நிறைய வெங்காயத்தை அரிந்து பரப்பி, அதன்மேல் கறியை வைத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, மூடியை இறுக மூடி, சிறு தணலில் மூன்று மணி, நான்கு மணி நேரம் விட்டுவிடுவார்கள். கறியைக் கெட்டியாகக் கட்டிப்போட்டிருக்கும் நார்ப் பொருள், மிதமான சூட்டில் நெடுநேரம் கிடந்தால் குழைந்து, பாகாகி, குழம்போடு சேர்ந்துவிடும். பிறகு ஆறவைத்து, நாரின் போக்குக்குக் குறுக்காக மெல்லிய வில்லைகளாக அரிந்து, அந்தக் குழம்பிலேயே மறுபடியும் சூடாக்குவார்கள். மறுநாள்தான் ருசி கூடும். நம் வீட்டுப் புளிக்குழம்பைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

விலையில் மிச்சம் பிடித்ததை அடுப்படியில் நேரமாகக் கொடுத்தார்கள். அந்த நேரத்தை யாரும் கணக்கில் எழுதவில்லை.

*

இனி விலையின் கதைக்கு வருவோம். 1865-ல் சிகாகோவில் பிரம்மாண்டமான கால்நடைச் சந்தை ஒன்று திறந்தார்கள். பனிக்கட்டி வைத்துக் குளிரூட்டிய ரயில் வண்டிகள் வந்த பிறகு, சிகாகோவில் அறுத்த மாடு நியூயார்க்கில் விலைபோயிற்று. ஆர்மர், ஸ்விப்ட், மாரிஸ், கடஹி போன்ற சில கம்பெனிகள் தேசத்தின் இறைச்சி வியாபாரத்தையே கைக்குள் போட்டுக்கொண்டன. அவை தங்களுக்குள் போட்டி போடாமல், கூடிப் பேசி விலை வைக்கின்றன என்று ஜனங்கள் குமுறினார்கள். இந்தக் கூட்டுக்கு "மாட்டிறைச்சி டிரஸ்ட்" என்று பத்திரிகைகள் பெயர் சூட்டின. 1901-ல் மழை பொய்த்து மக்காச்சோளம் விளையவில்லை, மாட்டுத் தீனி விலை ஏறிவிட்டது என்று கம்பெனிக்காரர்கள் சமாதானம் சொன்னார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் தீனி விலை எவ்வளவு ஏறிற்று, அதைச் சாக்காக வைத்து எவ்வளவு ஏற்றினார்கள் என்பதை வாங்குகிறவள் எப்படி அறிவாள்?

யூதர்களின் இறைச்சி நியூயார்க்கிலேயே அறுக்கப்பட்டது. ஆனால் மாடு வருவதும் மொத்த விலை தீர்வதும் பெரிய கைகளில்தான் இருந்தன. 1902 வசந்த காலத்தில், ராத்தல் 12 ஸெண்டாக இருந்த இறைச்சி 18 ஸெண்ட் ஆயிற்று. ராத்தல் என்பது ஏறக்குறைய 450 கிராம். 12 எங்கே, 18 எங்கே? ஒன்றுக்கு ஒன்றரை! பக்கத்துத் தெருவில் மற்றவர்கள் வாங்கும் இறைச்சி மலிவாகக் கிடைத்தாலும் சாஸ்திரம் விடாது. விலைக்கும் ஆசாரத்துக்கும் நடுவே பெண்கள் மாட்டிக்கொண்டார்கள்.

முதலில் எதிர்த்தவர்கள் சில்லறைக் கசாப்புக்காரர்கள். அவர்களும் சொற்ப லாபத்தில் பிழைத்தவர்கள்தாம். மே மாதத்தில் சில நாட்கள் மொத்த வியாபாரிகளிடம் கொள்முதல் செய்ய மறுத்துக் கடைகளை மூடினார்கள். ஜனங்களும் ஆதரித்தார்கள். ஆனால் 14-ந் தேதி புதன்கிழமை, விலை இறங்காமலே சமாதானம் செய்துகொண்டு கடைகளைத் திறந்துவிட்டார்கள்.

அன்று லோயர் ஈஸ்ட் ஸைடில் பல வீடுகளின் கதவு தட்டப்பட்டது. தட்டியவர்களில் முக்கியமானவர்கள் இருவர். ஒருவர் பானி லெவி. அவருடைய கணவர் மேலங்கி தைக்கும் தொழிலாளி, சங்கத்தைச் சேர்ந்தவர். இன்னொருவர் ஸாரா எடல்ஸன். சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். கசாப்புக்காரர்களின் வேலைநிறுத்தத்தைப் பார்த்தாகிவிட்டது, இனி நாம் செய்து காட்டலாம் என்பதே அவர்கள் வீடு வீடாகச் சொன்ன செய்தி. ஓட்டுரிமை இல்லாத பெண்கள் அவர்கள். நியூயார்க் மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டுக் கிடைக்க இன்னும் 15 ஆண்டுகள் இருந்தன.

மறுநாள் வியாழக்கிழமை காலையில், ஸாபத்துக்கு இறைச்சி வாங்க வேண்டிய நேரத்தில், பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். கசாப்புக் கடை வாசல்களில் நின்று, வாங்க வருகிறவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். கேட்காதவர்களின் கையிலிருந்து பொட்டலத்தைப் பிடுங்கினார்கள். பிறகு கடைகளுக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். கண்ணாடி உடைந்தது. இறைச்சி தெருவில் பறந்தது. அதை மறுபடி யாரும் எடுத்து விற்காதபடி மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். 20,000 பேர் திரண்டதாக அன்றைய பத்திரிகைகள் எழுதின. போலீஸார் தடிகளோடு வந்தார்கள். ஈரமான இறைச்சித் துண்டுகளால் அவர்களுக்கும் அர்ச்சனை நடந்தது. அன்றைக்கு மட்டும் 85 பேர் கைதானார்கள். அவர்களில் 70 பேர் பெண்கள். வாலிப மிடுக்கில் வந்த கன்னிகள் அல்ல. பெரும்பாலோர் பல பிள்ளைகளைப் பெற்ற நடுவயதுக் குடும்பப் பெண்கள்.

கோர்ட்டில் மாஜிஸ்டிரேட், தெருவில் ஏன் கலகம் செய்கிறாய் என்று ஒருத்தியைக் கேட்டார். அவள் சொன்ன பதிலின் சாரம் இது: எங்கள் புண் எங்களுக்குத் தெரியும், பிள்ளைகள் மெலிவதையும், கணவன்மார்களுக்கு வேலை செய்யத் தெம்பில்லாததையும் நாங்கள் தினம் பார்க்கிறோம், வீட்டுக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தால் யாருடைய கண்ணிலும் படாது. மாஜிஸ்டிரேட் அபராதம் விதித்தார். நாவலாசிரியன் ஒருவன் நாள் கணக்கில் யோசித்தாலும் அந்தப் பதிலை எழுதியிருக்க மாட்டான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சனிக்கிழமை அவர்கள் ஜெப ஆலயங்களுக்குப் போனார்கள். யூதர்களிடையே பழைய வழக்கம் ஒன்று உண்டு. அநியாயம் நடந்தால், பாதிக்கப்பட்டவர் ஆலயத்தில் வேத வாசிப்பை நிறுத்தி, சபையாரிடம் நியாயம் கேட்கலாம். பொதுவாக ஆடவர்கள் கையாண்ட உரிமை அது. பெண்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். வாசிப்பை இடைமறித்து, உங்கள் மனைவிமாரை இறைச்சி வாங்கவிடாதீர்கள், எங்களுக்கு ஆதரவு கொடுங்கள் என்று ஆடவர்களைக் கேட்டார்கள். பிறகு கைதானவர்களை ஜாமீனில் எடுப்பதற்காக வீடு வீடாகச் சில்லறை திரட்டினார்கள். "மாட்டிறைச்சி டிரஸ்ட் எதிர்ப்பு மாதர் சங்கம்" என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். ஹார்லம், பிராங்ஸ், புருக்லின் என்று நகரத்தின் மற்றப் பகுதிகளுக்கும் தீ பரவியது.

இதையெல்லாம் படிக்கும்போது உற்சாகமாகத்தான் இருக்கிறது. ஆனால் சரித்திரத்தின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அது கதையாகிவிடும். உடைந்த கண்ணாடிகள் சிகாகோ கோடீசுவரர்களுடையவை அல்ல; அதே தெருவில், அதே பாஷை பேசி, அதே ஆலயத்துக்குப் போன சிறு கடைக்காரர்களுடையவை. வாங்க வந்து விரட்டப்பட்டவர்களும் ஏழைகள்தாம். நோயாளிக் கணவனுக்காக இறைச்சி வாங்க வந்தேன் என்று ஒருத்தி கெஞ்சினாளாம். ஆசாரப்படி பொய்முடி தரித்திருந்த கிழவி ஒருத்தி, நோயாளிக்கு ஆசாரம் கிடையாது, விலக்கப்பட்ட இறைச்சியையே கொடுக்கலாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாளாம்! சாஸ்திரத்தின் சூட்சுமம் கிழவிக்குத் தெரிந்திருந்தது. ஆயினும், அன்றிரவு அந்த நோயாளி என்ன சாப்பிட்டான் என்ற கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. எல்லோரும் சேர்ந்து சொல்லும் "வேண்டாம்", சொல்ல முடியாத நிலையில் இருப்பவர்களையும் சொல்லவைக்கிறது. அந்தப் பாவத்தில் ஒரு பங்கு இத்தகைய போராட்டங்களுக்கு எப்போதும் உண்டு.

போராட்டம் வலுத்ததும் ஆடவர்கள் தலைமைக்கு வந்து சேர்ந்தார்கள். அது உலக வழக்கந்தானே? மகாநாடு கூடிற்று, கமிட்டி அமைந்தது. பெண் தலைவர்களுக்குள்ளும் பிணக்கு மூண்டது. எப்படியோ, ஜூன் 5-ந் தேதி, மூன்று வாரங்களுக்குப் பிறகு, போராட்டம் முடிந்தது. விலை ராத்தல் 14 ஸெண்டுக்கு இறங்கியது.

கணக்கைச் சரியாகப் பாருங்கள். ஏறியது 6 ஸெண்ட். இறங்கியது 4 ஸெண்ட். மீதி 2 ஸெண்ட் திரும்பவில்லை. பிற்காலத்தில் விலை மறுபடியும் மெள்ள மெள்ள ஏறத்தான் செய்தது. டிரஸ்ட் கம்பெனிகள் மீது அந்த மே மாதத்திலேயே அமெரிக்க சர்க்கார் தொடுத்திருந்த வழக்கு, 1905-ல் சுப்ரீம் கோர்ட்டில் சர்க்காருக்குச் சாதகமாகத் தீர்ந்தது. அதனாலும் டிரஸ்ட் உடனே மாண்டுவிடவில்லை. ஆனால் "வேண்டாம்" என்று கூடிச் சொல்லலாம் என்பதை அந்தப் பேட்டை மறக்கவில்லை. 1904-லும் 1907-லும் வாடகை உயர்ந்தபோது அதே முறையில் எதிர்த்தார்கள். 1909-ல் சட்டை தைக்கும் பெண்கள் இருபதாயிரம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1902-ல் தாயின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்ற சிறுமிகள் சிலரேனும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

*

அந்த நெஞ்சுக்கறி பிற்பாடு என்ன ஆயிற்று?

ஏழையின் பண்டம் பெரிய மனிதனானது அதன் கதை. அயர்லாந்திலிருந்து நியூயார்க் வந்த ஏழைகள் தங்கள் ஊரில் பன்றி இறைச்சி சாப்பிட்டவர்கள். இங்கே யூதக் கடைகளில் உப்பில் ஊறிய நெஞ்சுக்கறி மலிவாகக் கிடைத்ததால், முட்டைக்கோஸோடு அதை வேகவைத்து, மார்ச் 17-ந் தேதி செயிண்ட் பாட்ரிக் திருநாளின் விருந்தாகவே ஆக்கிக்கொண்டார்கள். தெற்கே டெக்ஸாஸில், ஜெர்மனியிலிருந்தும் செக் நாட்டிலிருந்தும் வந்த கசாப்புக்காரர்கள் இறைச்சியைப் புகையில் வாட்டி விற்றார்கள். 1960-களில் மாட்டைக் கண்டம் கண்டமாக வெட்டிப் பெட்டியில் அடைத்து அனுப்பும் முறை வந்த பிறகு, நெஞ்சுக்கறி மட்டும் தனியாக வாங்குவது எளிதாயிற்று. கருவாலி விறகின் புகையில் பன்னிரண்டு மணி நேரம் கிடந்து கறுத்து வெளிவரும் அந்தக் கண்டத்துக்காக, இன்று அங்கே கார் வைத்திருப்பவர்கள் விடியற்காலையில் வரிசையில் நிற்கிறார்கள். பொறுமை நாகரிகமாகிவிட்டது, அதோடு விலையும் ஏறிவிட்டது. பணமில்லாதவர்கள் கண்டுபிடித்த ருசியைப் பணமுள்ளவர்கள் தெரிந்துகொண்டால் இப்படித்தான் ஆகும்.

இருந்தாலும் வருஷத்தில் சில நாட்கள் அது மலிவாகக் கிடைக்கிறது. மார்ச் மாதத் திருநாளை ஒட்டி, அமெரிக்காவின் பெரிய கடைகள் உப்பிட்ட நெஞ்சுக்கறியைச் சகாய விலைக்குக் கொடுக்கின்றன. சில சமயம் வாங்கிய விலைக்கும் குறைவாக! நம் ஊர் ஆடித் தள்ளுபடியின் ரகசியந்தான் அதுவும். கறிக்காக உள்ளே வருகிறவள் முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் ரொட்டியும் வாங்காமலா போவாள்?

கெட்டிக்கார இல்லத்தரசி அங்கேயும் கணக்குப் போடுகிறாள். கொழுப்போடு கூடிய 14 ராத்தல் கண்டத்தை வாங்கினால், சீவி எறிவதில் 3 ராத்தல் போய்விடும். மீதி 11 ராத்தலில் மூன்றில் ஒரு பங்கு வேகும்போது சுருங்கிவிடும். தட்டுக்கு வருவது 7 ராத்தல் சொச்சம். ஆகவே சீட்டில் எழுதியிருக்கும் விலையை இரட்டித்தால்தான் உண்மை விலை. 1902-ல் 18 ஸெண்ட் என்று கேட்டவுடன் அந்தப் பெண்களுக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் வந்தது என்பது இப்போது விளங்குகிறது. பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் அடுப்படிக் கணக்குத் தெரியும். அவர்கள் காதில் அது 36 ஸெண்ட் என்று விழுந்திருக்கும்.

மார்ச் மாதத்து மலிவு கடைக்காரன் மனம் வைத்துக் கொடுப்பது. திருநாள் முடிந்ததும் சீட்டை மாற்றிவிடுவான். அந்த 4 ஸெண்டைப் பெண்கள் கேட்டு வாங்கினார்கள். அதற்காக மூன்று வாரங்கள் ஸாபத் மேஜையில் இறைச்சி இல்லாமல், பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் வீட்டில் வெறும் ரசம் வைத்த நாட்களில், அம்மா எனக்குப் பரிமாறும்போது ஒன்றும் பேசமாட்டாள். கத்தரிக்காய்க்காரியைத் திட்டவும் மாட்டாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடுவேன். "வேண்டாம்" என்ற சொல்லுக்கும் ஒரு விலை உண்டு என்பதும், அந்த விலையை அவள் அறிந்தே கொடுத்தாள் என்பதும், அப்போது எனக்குத் தெரியவில்லை.